கதை எழுத ஒரு பட்டம்

1957-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விவாதம். நாவலாசிரியர் விளாதிமிர் நபக்கோவை இலக்கியப் பேராசிரியராக நியமிக்கலாமா, வேண்டாமா? மொழியியல் அறிஞர் ரோமன் யாகப்சன் கடுமையாக எதிர்த்தார். யானைகூடத்தான் பெரிய பிராணி, அதற்காக அதை அழைத்து வந்து விலங்கியல் பேராசிரியர் ஆக்குவோமா என்ற பொருளில் அவர் கேட்டதாகச் சொல்வார்கள். நபக்கோவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு இருபது வருடங்கள் முன்பே அமெரிக்காவின் நடுவே, மக்காச்சோளத்துக்குப் பெயர்போன அயோவா மாநிலத்தில், யானைகள் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டன! பாடம் நடத்தியது மட்டுமில்லை, கதை எழுதிக் கொடுத்தவர்களுக்கு முதுகலைப் பட்டமும் கிடைத்தது.

கதை எழுத எம்.ஏ.வா? எழுத்து என்பது பிறவியில் வருவதல்லவா? சொல்லிக்கொடுத்தால் வந்துவிடுமா? இந்தக் கேள்விகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் அயோவாவின் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் வேறு ஒரு கேள்விதான் முக்கியமானது என்று தோன்றும். எழுதுகிறவருக்கு நேரத்தையும் சாப்பாட்டையும் யார் கொடுப்பது? யாருக்குக் கொடுப்பது?

ஒரு மனோதத்துவ நிபுணரின் முடிவு

அயோவா பல்கலைக்கழகத்தில் 1897-லேயே கவிதை கட்டுவதற்கு ஒரு வகுப்பு இருந்தது. நடத்தியவர் ஜார்ஜ் கிராம் குக். ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் என்பவர் நாடகம் எழுதக் கற்றுக்கொடுத்தார். யூஜின் ஓநீல் அவரிடம் படித்தவர்தான். பேக்கரின் நாடக அமைப்புக்கு '47 ஒர்க்‌ஷாப்' என்று பெயர். தச்சரும் கொல்லரும் வேலை செய்கிற இடத்துக்கான சொல் எழுத்துக்கு வந்தது இப்படிப்பட்ட இடங்களில்தான். தமிழில் நாமும் 'பட்டறை' என்றே சொல்கிறோம்.

ஆனால் வகுப்பு வேறு, பட்டம் வேறு. 1922-ல் அயோவாவின் பட்டமேற்படிப்புத் தலைவராக இருந்தவர் கார்ல் சீஷோர். இவர் எழுத்தாளர் இல்லை. ஸ்வீடனில் பிறந்த மனோதத்துவ நிபுணர். ஒருவருக்கு இசைத்திறமை எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்குச் சோதனைகள் தயாரித்துப் பெயர் வாங்கியவர். அவர்தான் அந்த வருடம், மேற்படிப்புப் பட்டத்துக்கு ஆய்வேட்டுக்குப் பதிலாகப் படைப்பையும் கொடுக்கலாம் என்று அறிவித்தார். கவிதை, கதை, நாடகம், இசை, ஓவியம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுதினால் பட்டம். ஷேக்ஸ்பியரே வந்து விண்ணப்பித்தால் அவரும் யாரையாவது பற்றி ஆய்வேடு எழுதித்தான் ஆகவேண்டும்!

அறிவிப்பு வந்து சில வருடங்களில் மாணவர்கள் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். வாலஸ் ஸ்டெக்னர் சிறுகதைகளைக் கொடுத்து 1932-ல் எம்.ஏ. வாங்கினார். அதே சமயத்தில் கவிதைத் தொகுப்பைக் கொடுத்துப் பட்டம் பெற்றவர் பால் எங்கிள். 1936-ல் 'ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப்' முறையான ஓர் அமைப்பாக உருவானது. முதல் இயக்குநர் வில்பர் ஷ்ராம். மாஸ் கம்யூனிகேஷன் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். தகவல் தொடர்பியலின் முன்னோடி என்று பாடப்புத்தகத்தில் வருகிற அதே ஷ்ராம்தான்.

குதிரைக்காரர் மகன்

ஆனால் அயோவா என்றால் எல்லோரும் சொல்கிற பெயர் பால் எங்கிள். 1908-ல் அதே மாநிலத்தில் சீடார் ராபிட்ஸ் ஊரில் பிறந்தவர். அப்பாவுக்குக் குதிரைகளைப் பழக்கி விற்கிற தொழில். மகன் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு வரை போய்த் திரும்பிவந்தார். 1941-லிருந்து 1965 வரை பட்டறையின் இயக்குநர் அவர்தான்.

எங்கிளுக்கு வாய்த்தது ஒரு நல்ல காலம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் படிப்பதற்காக 1944-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. கல்விக் கட்டணம் வருடத்துக்கு 500 டாலர் வரை அரசே கட்டும். மாதாமாதம் செலவுக்கும் பணம். போரைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் சொல்வதற்குக் கதை இருந்தது. கையில் உதவித்தொகையும் இருந்தது. அவர்கள் அயோவாவுக்கு வந்தார்கள். இடம் போதவில்லை. ஆற்றங்கரையில் ராணுவம் பயன்படுத்திய மாதிரியான தகரக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற பட்டறை, மழை பெய்தால் கூரை தடதடக்கிற கொட்டகையில்தான் வளர்ந்தது.

அந்தச் சிப்பாய்களுக்கு நடுவே 1945-ல் ஒரு இளம்பெண் வந்து சேர்ந்தார். ஜார்ஜியா மாநிலத்தவர். பத்திரிகைத் துறை படிக்க உதவித்தொகையோடு வந்தவர், எங்கிளின் அறைக்கு வந்து ஏதோ சொன்னார். அவருடைய தெற்கத்தி உச்சரிப்பு எங்கிளுக்குச் சுத்தமாகப் புரியவில்லை. கடைசியில் ஒரு காகிதத்தைக் கொடுத்து எழுதிக்காட்டச் சொன்னாராம். தன் பெயரை எழுதி, தான் பத்திரிகைக்காரி இல்லை, பட்டறையில் சேரலாமா என்று கேட்டு எழுதினார் அந்தப் பெண். அவர்தான் ஃபிளானரி ஓ'கானர். இது எங்கிள் பல வருடங்கள் கழித்துச் சொன்ன கதை.

ஓ'கானர் கூச்ச சுபாவி. வகுப்பில் அவர் கதையை மற்றவர்கள்தான் வாசித்தார்கள். எழுதிக்கொண்டிருந்த நாவலுக்காக 1947-ல் 750 டாலர் பரிசு கிடைத்தது. அதே வருடம் ஆறு சிறுகதைகளை ஆய்வேடாகக் கொடுத்துப் பட்டம் வாங்கினார். அந்த நாவல் 1952-ல் 'வைஸ் பிளட்' என்று வெளிவந்தது. பல்கலைக்கழகங்கள் எழுத்தாளர்களின் கழுத்தை நெரிக்கின்றனவா என்று பின்னாளில் கேட்டபோது, போதிய அளவுக்கு நெரிக்கவில்லை என்பதுதான் தன் வருத்தம் என்று அவர் கிண்டலாகப் பதில் சொன்னது பிரசித்தம்.

வகுப்பில் என்னதான் நடக்கும்?

பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் எழுதிய கதை சைக்ளோஸ்டைல் செய்யப்பட்டு முன்கூட்டியே எல்லோர் கைக்கும் போய்விடும். வகுப்பன்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பிரித்து மேய்வார்கள். எங்கே தொய்கிறது, எந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை, கடைசிப் பத்தி தேவையா... எழுதியவர் இத்தனையையும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அச்சில் வந்த கதைக்குப் பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்து விளக்கம் சொல்ல முடியாதல்லவா? அதுதான் காரணம். பட்டத்துக்கு இரண்டு வருடங்கள். முடிவில் ஒரு தொகுப்போ நாவலோ ஆய்வேடாகக் கொடுக்க வேண்டும்.

எழுத்தைக் கற்றுக்கொடுத்துவிட முடியும் என்று அயோவா எப்போதும் சொன்னதில்லை. திறமையை உருவாக்க முடியாது, இருக்கிறவரை ஊக்குவிக்கலாம், அவ்வளவுதான் என்பதே பட்டறையின் நிலைப்பாடு.

அப்படியானால் அந்த இரண்டு வருடங்களில் மாணவருக்குக் கிடைப்பது என்ன? எழுதுவதற்கு நேரம். எழுதியதைக் கவனமாகப் படிக்கப் பத்துப் பேர். எழுதுவது ஒரு வேலைதான், வெட்டிப்பொழுது இல்லை என்று ஒரு நிறுவனம் கொடுக்கிற அங்கீகாரம்.

ஆசிரியராக வந்தவர்களுக்கும் இது பொருந்தும். 1965-ல் கர்ட் வானகட் அங்கே பாடம் நடத்த வந்தபோது கைக்காசு இல்லாத நிலைமை. பழைய புத்தகங்கள் பெரும்பாலும் கடைகளில் கிடைக்கவில்லை. 1967 வரை அங்கே இருந்தார். அந்த வருடங்களில் அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாவல்தான் 1969-ல் வெளிவந்து அவரை உலகப்புகழ் பெறவைத்த 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்'. அப்போது அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் ஜான் இர்விங்.

பணம் எங்கிருந்து வந்தது?

சிப்பாய்களின் உதவித்தொகை சில வருடங்களில் தீர்ந்துபோனது. பிறகு? எங்கிள் நல்ல கவிஞரா என்பதில் விமர்சகர்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நன்கொடை வசூலிப்பதில் அவர் மன்னன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அறக்கட்டளைகள், தொழிலதிபர்கள், கம்பெனிகள் என்று கதவு கதவாகத் தட்டினார்.

அது அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் பனிப்போர் நடந்த காலம். உலகத்தின் இளம் எழுத்தாளர்களை சோவியத் நாடு இழுத்துக்கொள்ளும், நாம் சும்மா இருக்கலாமா என்ற வாதம் பணக்காரர்களிடம் எடுபட்டது. எங்கிளும் அதைத் தயங்காமல் பயன்படுத்தினார். 1967-ல் அயோவாவின் சர்வதேச எழுத்துப் பணிக்குப் பணம் கொடுத்தவற்றில் ஃபார்ஃபீல்ட் அறக்கட்டளையும் ஒன்று. அது சி.ஐ.ஏ.வின் பணத்தைக் கைமாற்றிவிடுகிற முகமூடி அமைப்பு.

இந்தக் கணக்குவழக்கையெல்லாம் தோண்டி எடுத்து 2015-ல் ஒரு நூலாகவே எழுதியவர் எரிக் பென்னட். அவரே அயோவாவில் படித்தவர்தான். கருத்துகளைப் பேசாதே, காட்சிகளைக் காட்டு, தனிமனித அனுபவத்தோடு நின்றுகொள் என்று பட்டறைகள் சொல்லிக்கொடுத்த பாணிக்கும் பனிப்போர் அரசியலுக்கும் தொடர்பு உண்டு என்பது அவர் வாதம். எல்லோரும் இதை ஏற்றுக்கொள்வதில்லை. செக்காவ் எந்த அறக்கட்டளைப் பணத்தில் அப்படி எழுதினார் என்று திருப்பிக் கேட்கலாம். ஆனால் எழுத்தாளருக்குக் கிடைக்கிற 'சும்மா' நேரத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் பணம் கட்டுகிறார், கட்டுகிறவருக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

மூன்று பேர், மூன்று அனுபவம்

மார்கரெட் வாக்கர் கறுப்பினப் பெண் கவிஞர். 1940-ல் அயோவாவில் தன் கவிதைகளையே ஆய்வேடாகக் கொடுத்து எம்.ஏ. வாங்கினார். இரண்டு வருடம் கழித்து அது 'ஃபார் மை பீப்பிள்' என்ற பெயரில் யேல் பல்கலைக்கழகத்தின் இளங்கவிஞர் வரிசையில் வெளிவந்தது. அந்த வரிசைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் அவர். கூடவே, அடிமையாக வாழ்ந்த தன் கொள்ளுப்பாட்டியின் கதையை நாவலாக எழுதுகிற ஆசையும் இருந்தது. சின்ன வயதில் பாட்டி சொல்லிக் கேட்ட கதை. ஆனால் கல்யாணம், நான்கு குழந்தைகள், மிசிசிப்பியில் கல்லூரி ஆசிரியர் வேலை. நாவல் கிடப்பில் கிடந்தது. 1960-களில் முனைவர் பட்டத்துக்காக மறுபடி அயோவாவுக்குப் போனபோதுதான் உட்கார்ந்து எழுதி முடிக்க முடிந்தது. 1965-ல் அந்த நாவலுக்கே முனைவர் பட்டம். அடுத்த வருடம் 'ஜூபிலி' என்ற பெயரில் புத்தகம். மனதில் விழுந்ததிலிருந்து அச்சுக்கு வர ஏறக்குறைய முப்பது வருடங்கள்.

ரேமண்ட் கார்வர் மரம் அறுக்கும் தொழிலாளியின் மகன். 1963-ல் மனைவி, இரண்டு குழந்தைகளோடு அயோவாவுக்கு வந்தார். மனைவி வேலைக்குப் போய்த்தான் குடும்பம் ஓடியது. ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பட்டம் வாங்காமலே திரும்பிவிட்டார். அவருக்கு உண்மையில் உதவியது அதற்கு முன்பு கலிபோர்னியாவில் ஒரு சாதாரணக் கல்லூரியில் கிடைத்த ஆசிரியர், ஜான் கார்ட்னர். வீட்டில் எழுத இடம் இல்லை என்று தெரிந்ததும், சனி ஞாயிறுகளில் வந்து எழுதிக்கொள் என்று தன் அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தவர். அந்தக் கார்ட்னர் அயோவாவில் முனைவர் பட்டம் வாங்கியவர்!

சாண்ட்ரா சிஸ்னெரோஸ் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் சிகாகோவில் பிறந்தவர். 1978-ல் அயோவாவில் பட்டம் பெற்றார். ஒரு வகுப்பில் 'வீடு' பற்றி விவாதம். மாடிப்படி, பரண் என்று மற்றவர்கள் தங்கள் வீட்டு நினைவுகளை விரித்துக்கொண்டே போனார்கள். வாடகைக் குடியிருப்புகளில் வளர்ந்த சிஸ்னெரோஸுக்குப் பேச ஒன்றும் இல்லை. அவமானமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. அந்த வகுப்பில் வேறு யாராலும் எழுத முடியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கிறார். அங்கே எழுத ஆரம்பித்ததுதான் 1984-ல் வந்த 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்'. இன்று அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாக இருக்கிறது.

எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்ற விதியின் மறுபக்கம் இங்கே தெரிகிறது. மேஜையைச் சுற்றி இருக்கிற எல்லோரும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வந்திருந்தால், வேறு வீட்டுக் கதை அவர்களுக்குத் தப்பும் தவறுமாகத்தான் தெரியும். எழுதியவர் விளக்கவும் முடியாது. இதை மாற்றவேண்டும் என்று மேத்யூ சலசஸ் போன்றவர்கள் 2021-ல் புத்தகமே எழுதினார்கள். பல இடங்களில் இப்போது எழுதியவரும் பேசலாம், தனக்கு எந்த மாதிரிக் கருத்து வேண்டும் என்று கேட்கலாம்.

ஒரே ஒரு மாணவர்

அயோவாவில் படித்தவர்கள் மற்ற ஊர்களுக்குப் போய் இதையே ஆரம்பித்தார்கள். ஸ்டெக்னர் 1946-ல் ஸ்டான்போர்டில் தொடங்கினார். அதற்குப் பணம் கொடுத்தவர் ஆங்கிலத் துறைத் தலைவரின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான டெக்சாஸ் எண்ணெய் முதலாளி. இன்று அமெரிக்காவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட எம்.எஃப்.ஏ. படிப்புகள். எல்லா இடத்திலும் உதவித்தொகை கிடையாது. கடன் வாங்கிப் படிக்கிறவர்களும் நிறைய.

இங்கிலாந்துக்காரர்கள் இதையெல்லாம் அமெரிக்கக் கிறுக்குத்தனம் என்று நெடுநாள் நினைத்தார்கள். 1970-ல் நார்விச் ஊரில் உள்ள ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் துணிந்து ஒரு எம்.ஏ. ஆரம்பித்தார்கள். முதல் வருடம் வந்தது ஒரே ஒரு மாணவர். பெயர் இயன் மெக்கீவன்! 1979-ல் அங்கே சேர்ந்த இன்னொரு இளைஞர், அதுவரை பாட்டுக்காரர் ஆகவேண்டும் என்று முயன்றுகொண்டிருந்தவர். ஆஞ்சலா கார்ட்டர் அவருக்கு ஆசிரியர்களில் ஒருவர். 2017-ல் நோபல் பரிசு வாங்கிய கசுவோ இஷிகுரோதான் அவர்.

சென்னையிலிருந்து ஒருவர்

இந்த வரலாற்றில் தமிழுக்கும் ஒரு இடம் உண்டு. பட்டறையை விட்டு விலகிய எங்கிள், சீன எழுத்தாளர் ஹுவாலிங் நியேவுடன் சேர்ந்து 1967-ல் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தை அயோவாவிலேயே தொடங்கினார். இதில் பட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. பல நாட்டு எழுத்தாளர்கள் வந்து சில மாதங்கள் தங்கி எழுதலாம், பேசலாம்.

1973-ல் அப்படிப் போனவர் அசோகமித்திரன். அப்போது வயது 42. ஜெமினி ஸ்டுடியோவில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு 1966-ல் வெளியே வந்தவர். அதன்பிறகு எழுத்தே தொழில். தமிழில் எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்துவது என்றால் என்ன என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த அயோவா மாதங்களிலிருந்து பிறந்ததுதான் 'ஒற்றன்!'. ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனிச் சிறுகதையாகவும் படிக்கலாம், மொத்தமாக நாவலாகவும் படிக்கலாம். யாருடைய பணம், எந்தக் காரணத்துக்காக என்பதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழுக்கு ஒரு நல்ல புத்தகம் கிடைத்தது.

அந்தத் திட்டத்துக்கு நெடுங்காலமாக மானியம் கொடுத்துவந்த அமெரிக்க வெளியுறவுத் துறை 2025-ல் அதை நிறுத்திவிட்டது. கொடுப்பதற்கு ஒரு காரணம் இருந்த மாதிரியே நிறுத்துவதற்கும் ஒரு காரணம்.

நம் ஊரில் நாவல்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். அசோகமித்திரனை ஆராய்ந்தவர்களும் உண்டு. நாவல் எழுதுகிறவருக்கு இரண்டு வருடம் சம்பளத்தோடு உட்கார இடம் கொடுப்போம் என்று மட்டும் எளிதில் தோன்றுவதில்லை. சீஷோர் 1922-ல் செய்தது அதற்கான கதவைத் திறந்ததுதான். இத்தனைக்கும் அவர் ஒரு கதைகூட எழுதியவர் இல்லை.

பல்கலைக்கழகம் கொடுக்கிறவரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அயோவா முறையில் பாதிக்குச் செலவே கிடையாது. எழுதுகிற நான்கு நண்பர்கள், ஒரு கதைக்கு நான்கு ஜெராக்ஸ், வாரத்தில் ஒரு மாலை, மனசாட்சியோடு படித்துச் சொல்கிற நேர்மை. இது போதும். மீதிப் பாதி, அதாவது நேரமும் சாப்பாடும், அதுதான் கஷ்டம். வாக்கருக்கு அது கிடைக்க முப்பது வருடம் ஆனது. கார்வருக்கு ஒரு அறைச்சாவியாகக் கிடைத்தது. பக்கத்தில் எழுதுகிறவர் யாராவது இருந்தால், கொடுப்பதற்கு நம்மிடம் ஏதாவது சாவி இருக்கிறதா என்று பார்க்கலாம்.